மாமனார் பிடித்த டயர்

காருக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று போனில் சொன்னதுதான் தப்பு. கடை திறக்கும் முன்பே மாமனார் அதன் வாசலில் நின்றிருந்தார்.

அவர் வீடு ஒரு மேட்டின் உச்சியில். தார் ரோடு பாதியில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் செம்மண். மழை பெய்தால் வெறும் சேறு. மனைவி இருந்தவரை மாதம் தவறாமல் போவோம். அவள் இறந்த பிறகு நான் போகவில்லை. மனஸ்தாபம் எதுவும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். கேட்டால் மழை என்பேன்.

கடைக்காரரிடம், தினமும் ஆபீசுக்குத் தார் ரோடு, எப்போதாவது மண் ரோடு என்றேன். அப்படியானால் ஆல் டெர்ரெய்ன் டயர் போதும், இரண்டுக்கும் தாங்கும் என்றார். மாமனார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைகள் சைக்கிளுக்குப் போடலாம் என்றார். மூலையில் சேற்றுக்கென்றே செய்த மட் டயர் இருந்தது. மேலெல்லாம் கட்டை கட்டையாக ரப்பர் பட்டன். இடுக்கில் விரலையே விடலாம். அவர் அதன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதுவும் என் வண்டிக்கு ஒரு சைஸ் பெரியது.

தார் ரோட்டில் ஓயாமல் உறுமும், உள்ளே பேசுவதுகூடக் கேட்காது என்று கடைக்காரர் எச்சரித்தார். பேச்சுக்கு ஆளில்லாத வண்டிதானே, உறுமட்டும் என்று நினைத்தேன்.

முன்பக்கம் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். ஜாக்கியை இறக்கி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும் டயர் மட்கார்டில் உரசி நின்றது. திரும்பாவிட்டால் என்ன, எங்கள் வீட்டுக்கு நேர் ரோடுதானே என்றார் மாமனார். அந்த மேட்டில் ரோட்டைவிட வளைவுகள்தான் அதிகம். கடைக்காரர் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை.

டயரைக் கழற்றத் தொடங்கியதும் என் பக்கம் நெருங்கி வந்தார்.

"மழைன்னு சொல்லியே வராம இருந்துடுவீங்களோன்னுதான் மாப்ளே. உங்க அத்தை ஞாயித்துக்கிழமையானா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

வாய் தானாகவே சொன்னது.

"இந்த ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. சேறா இருந்தா வண்டிய கீழயே விட்டுட்டு நடந்து வரேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நடந்து வர்றதுன்னா பழைய டயரே போதுமே. எதுக்கு வீண் செலவு?"

கடைக்காரர் ஸ்பேனரும் கையுமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆல் டெர்ரெய்ன் நான்கையும் போடச் சொன்னேன். வண்டிக்கு உள்ள சைஸில்.