விலகினார் என்று எழுது

இரண்டு மணி ஷிப்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்த உருக்காலை கேட்டுக்கு வெளியே, சங்கத்தின் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றான் செயலாளர் லோகு. பதினேழு வருடமாகப் பலகையில் எழுதுவது அவன். அடியில் கையெழுத்துப் போடுவது தலைவர் வரதன். போனஸ், மே தினம், சாவு, எதுவானாலும் அப்படித்தான். இன்றைக்கு எழுத வேண்டியது வரதனைப் பற்றியே.

நேற்று புதுவாயல் மண்டபத்தில் பொதுக்குழு கூடி, வரதனைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். எண்ணியது லோகு. எண்ணுகிறவன் தன் கையைத் தூக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை; அது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

வரதன் செய்தது சின்னத் தப்பு இல்லை. மூன்று மாதம் முன்பு, கிரேன் ஓட்டும் ஸ்டீவன் அதன் மேடையிலிருந்து விழுந்து செத்தான். தடுப்புக் கம்பி உடைந்திருக்கிறது என்று அவனே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தான். 'அஜாக்கிரதையால் தவறி விழுந்தார்' என்று கம்பெனி தயாரித்த அறிக்கையில், சங்கத்தின் சார்பில் வரதன் கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசு வாங்கினார் என்று சொல்ல முடியாது. அதிகாரிகளோடு உட்கார்ந்து காபி குடித்துக் குடித்து முதுகெலும்பு இளகிவிட்டது, அவ்வளவுதான்.

காலையில் போன் செய்திருந்தார்.

"லோகு, விலகினார்னு எழுதுடா. பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம். மானத்த காப்பாத்து. உன்ன நான் காப்பாத்தல?"

காப்பாற்றியவர்தான். முன்பு லோகுவை வேலையை விட்டு எடுத்தபோது, பதினொரு நாள் இதே கேட்டில் வெயிலில் உட்கார்ந்து அவனைத் திரும்ப உள்ளே அனுப்பியவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்றிலிருந்து லோகு தின்ற ஒவ்வொரு கவளத்திலும் அந்த உப்பு இருந்தது.

எதிர் டீக்கடையில் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். தூக்கிட்டாங்க என்றான் ஒருவன். கழட்டி வுட்டாங்க என்றான் இன்னொருவன். கம்பெனி அதிகாரி சந்திரமோகன் காரை நிறுத்தி, "பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்னு போடுங்க, டீசன்ட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டீவன் செத்ததற்கும் டீசன்ட்டான சொல் எடுத்துக் கொடுத்த மகராசன் அவர்தான்.

லோகு எழுதினான்: 'தலைவர் வரதன் பதவி விலகினார்.'

பின்னால் யாரோ எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். திரும்பினால் மேரி, ஸ்டீவனின் மனைவி. அவன் போனபின் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து, சங்கத்திலும் சேர்ந்திருந்தாள்.

"இன்னாண்ணா, அவரா விலகினாரு?"

மேரி பலகையைக் கைகாட்டினாள்.

"என் ஊட்டுக்காரரும் தானா வுழுந்தாரு. இவரும் தானா விலகினாரு. அப்ப நேத்து நாங்கல்லாம் எதுக்கு கைய தூக்கினோம்? 'உங்கப்பா மேல தப்பில்ல'ன்னு நாளைக்கு என் புள்ளைங்களுக்கு காட்ட, எனக்கு இருக்கறது இந்த போர்டு ஒண்ணுதாண்ணா."

அழவில்லை, சத்தம் போடவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். லோகுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செத்தவன் பேருக்கு இன்னொரு தரம் மண் அள்ளிப் போடப் பார்த்தோமே என்று உள்ளங்கையாலேயே பலகையைத் துடைத்தான். பிறகு எழுதினான்:

'ஸ்டீவன் சாவைப் பற்றிய பொய் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக, வரதனைத் தலைவர் பதவியிலிருந்து பொதுக்குழு நீக்கியது.'

ஷிப்டு சங்கு ஊதும் நேரத்தில் வரதனும் வேலைக்கு வண்டியில் வந்து இறங்கினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுவதும் படித்தார்.

"இதான் உன் நன்றியாடா?"

"நன்றி இருக்குது. அதான் நேத்து கை தூக்கல. தூக்கியிருக்கணும்."

வரதனின் கண் பலகையின் அடிப்பகுதிக்குப் போனது.

"கையெழுத்து இல்லாத நோட்டீஸ் செல்லாது. தெரியுமில்ல?"

தெரியும். அந்த விதியைப் போட்டவரே அவர்தான். லோகு குனிந்து, வழக்கமாக அவர் பேர் வரும் இடத்தில் தன் பேரை எழுதினான். பதினேழு வருடத்தில் அந்தப் பலகையில் அவ்வளவு கோணலாக எதுவும் எழுதியதில்லை.

"நேரமாவுது. உள்ள போங்க, வரதண்ணா."

அதுவரைக்கும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டிருந்தான். பலகையைப் படிக்கும்போதுகூட நிமிர்ந்து நின்றவர், இதைக் கேட்டுத் தலை குனிந்தார்.