தலை தூக்க இடமில்லாத மிஷின்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மும்பை மாட்டுங்காவில், என் மிக்சிக்கு மூடி வாங்கப் போன கடையில். பக்கத்தில் ஒரு பெண், மாவு பிசையும் பெரிய மிஷினுக்குக் கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தாள். விலை கேட்கவில்லை. அளந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், போய்விட்டாள். ஏனென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குமா, கண்ணுகளா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'அதிகாலை, தாராவிச் சந்தில் பன் வாசனை…' (வேண்டாம். வாசனையில் தொடங்கும் கதைகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.)

முத்துமாரியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

இந்த வரி நிற்கட்டும். கடையில் முழம் போட்டவளுக்கு நான் வைத்த பெயர் முத்துமாரி. தினமும் வீட்டில் பன் சுடுகிறவள். கணவன் செல்வம் டிராம்பேக்கு வேலைக்குக் கிளம்புமுன் அதைச் சாயாவில் தோய்த்துத் தின்பான். இனி கையால் மாவு பிசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியான மிஷின் அமைந்தால் பன் உண்டு. இல்லையென்றால் ஓவனை மூடிவைக்க வேண்டியதுதான்.

கையில் பிடித்து அடிக்கும் சின்ன மிஷினை வாங்கிக் கொடுத்தேன். (கதையில் எனக்கென்ன செலவு.) கேக் மாவை நுரைக்க நுரைக்க அடித்தது. பன் மாவில் இறக்கியதும் சூடேறி முனகி நின்றது. அதைப் பிடித்திருந்த மணிக்கட்டும் முனகியது.

பெரியதை வாங்கி அடுப்புமேடையில் வைத்தேன். கிண்ணத்தை எடுக்க மிஷினின் தலையைத் தூக்க வேண்டும். தூக்கினாள்.

டங்.

3

பரணை மறந்துவிட்டேன். அந்த வீட்டில் மேடைக்கு மேலே பரண். செல்வம் படுப்பது அதில்தான். கடையில் அவள் முழம் போட்டது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. எழுதுகிறவளுக்கு என்ன கஷ்டம்? பரணை ஒரு முழம் உயர்த்தி எழுதினேன். செல்வம் எழுந்து உட்கார்ந்தான். தகரக் கூரையில் மண்டை இடித்தது.

"ஏட்டி, கூரைய எவன் எறக்குனான்?"

"கூர எறங்கல. பரண ஏத்திட்டாவ."

"யாரு?"

"அந்தா, எழுதுதாவள்லா, அவியதான்."

(கூரையையும் உயர்த்தலாமே என்கிறீர்களா? உயர்த்திக்கொண்டே போனால் அது அவர்கள் வீடாக இருக்காது.)

4

பரணை இறக்கிவிட்டேன். தரையில் வைத்துப் பார்க்கலாம் என்றது முத்துமாரிதான். தலையைத் தாராளமாகத் தூக்க முடிந்தது. ஆனால் அதை ஓட்டக் காலியாக இருந்த ஒரே இடம் பரணுக்கு ஏறும் ஏணி நிற்கிற இடம். மற்ற நேரம் மூலையில் ஒடுக்கிவைத்த மிஷினை, பிசையும்போது சாக்கில் வைத்து அங்கே இழுத்துக்கொள்ளலாம். பிசைந்து முடியும்வரை ஏணி வெளியே சந்தில் நிற்க வேண்டும். அதுவரை செல்வம் மேலேயே.

ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றிருந்தார் கடைக்காரர். செல்வம் ஒரு தடவை முகம் சுளித்தால் மிஷின் கடைக்குப் போகும், பன்னும் அதோடு போகும்.

5

முடிவு ஒன்று: செல்வம் பெருந்தன்மையாக… (அவ்வளவு நல்லவனை நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: முத்துமாரி மிஷினைத் திரும்பக் கட்டி… (இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். மிஷின் ஓடுகிறது. மேலிருந்து குரல்.

"ஏட்டி, எறங்கணும்."

"இப்பத்தான் மாவு தெரளுது. செத்த பொறுங்க."

"பொறுக்கக்கூடிய சோலி இல்லட்டி இது."

அவள் கை முழுக்க மாவு. எனக்கோ ஏணி தூக்கும் வயசில்லை. கண்ணுகளா, வாசலுக்கு வெளியே இடதுபக்கம் சாத்தியிருக்கிறது. உங்களில் யாராவது கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன், சீக்கிரம்.