பத்து எண்ணும்வரை

குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கிரேன்காரருக்கு முதல் நாள் சவரக் கத்தியைத் தீட்டிப் பழகவே அரை மணி நேரம் ஆனது. தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட்டு வர வேண்டும். வார் முடியும் இடத்தில் கத்தியை முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். மறந்துபோய்க் கூரின் மேல் புரட்டினால் வார் கிழிந்துவிடும். இந்த வயதில் யாருக்காக இந்த அலங்காரம் என்று வெளியே மனைவி கேட்டாள். மற்ற பிளேடெல்லாம் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உள்ளிருந்தே ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார்.

உண்மைக் காரணம் அதற்கு முந்தைய புதன்கிழமை. உயரமான கட்டடங்களுக்குக் கான்கிரீட் சுவர்ப் பலகைகளைத் தூக்கி வைக்கும் கிரேனை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். தூக்குவதும் நகர்த்துவதும் பெரிய காரியமில்லை. நான்கு டன் பலகையைத் தரைக்கு ஒரு சாண் மேலே அசையாமல் பிடித்திருக்க வேண்டும், கீழே இருப்பவன் அதைக் கடப்பாரையால் நெம்பிச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும்வரை. வேலையே அந்தப் பிடித்திருத்தல்தான். லீவரில் கை சும்மா கிடக்கும். ஆனால் அந்தக் கை ஒரு நூல் அசைந்தாலும் பலகை அசையும். புதன்கிழமை அது இரண்டு தரம் தானாக இறங்கி, கீழே குனிந்து நெம்பிக்கொண்டிருந்த மச்சினனின் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. காற்று என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். காற்றைக் காட்டும் முள் கேபினுக்குள் இருக்கிறது. அன்று அது அசையவே இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, வலது கைக் கட்டைவிரல் சுட்டுவிரலோடு தானாக உரசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவதுபோல.

கையைச் சோதிக்கத்தான் கத்தி. டாக்டரிடம் போனால் காகிதத்தில் எழுதிவிடுவார், கத்தி எழுதாது. தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சற்றே சாய்த்து, முடி வளர்ந்த திசையிலேயே இறக்க வேண்டும். அப்படி இறங்கும்வரை அது மழிக்கும். பக்கவாட்டில் மயிரிழை நகர்ந்தாலும் அறுக்கும். கன்னம், தாடை, பிறகு மேலுதடு என்று மூன்று நாளில் தேறினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொண்டையையும் முடித்தபோது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று காலையே மச்சினன் வந்தான். திறந்திருந்த குளியலறை வாசலில் சாய்ந்துகொண்டு, அவர் மோவாயைத் துடைப்பதை வேடிக்கை பார்த்தான்.

"என்ன மாமா, பளபளன்னு இருக்கீங்க. பொண்ணு பாக்கப் போறதா இருந்தா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் பெருமையாகக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். அவன் பார்த்தான். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். குரல் தணிந்தது.

"புதன்கிழமை காத்தே இல்ல, மாமா. என் கையில இருந்த சிமெண்டுத் தூசி நேரா கீழதான் விழுந்துச்சு."

அவர் துண்டை மடித்தார். நாளை ஐந்தாம் மாடிக்குப் பலகை ஏற்ற வேண்டும், கீழே தன்னோடு இன்னும் மூன்று பேர் நிற்பார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். நகரும்போது அவர் கை நன்றாகத்தான் இருக்கிறது, அதை எப்போதோ கவனித்துவிட்டானாம்.

"நிறுத்தும்போதுதான்," என்றான்.

சட்டைப் பொத்தானைக் கழற்றி, தலையைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தை நிமிர்த்தினான்.

"இங்க வைங்க. வழிக்க வேணாம், சும்மா வச்சு நிறுத்துங்க. பத்து எண்ணுறேன். ஆடலேன்னா நாளைக்கு நானே உங்களுக்குக் கீழ நிக்கிறேன்."

"கிறுக்காடா உனக்கு? இது விளையாட்டுப் பொருளா?"

"நான் தினமும் இப்படித்தான மாமா நிக்கிறேன்."

மறுத்திருக்கலாம். ஆனால் மறுப்பதே ஒரு பதில் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் பிரஷ்ஷைச் சுழற்றினார். நுரை கெட்டியாக எழும்பியது. அதைக் கழுத்தில் தடவி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தார். நாடித் துடிப்பு விரலுக்குத் தெரிந்தது. கத்தியைச் சாய்த்துக் குரல்வளைக்குப் பக்கத்தில் வைத்தார். நிறுத்தினார்.

"ஒண்ணு," என்றான் மச்சினன், கண்ணை மூடிக்கொண்டு.

கை கல்லாக இருந்தது. நான்கு வரை அப்படியே இருந்தது. ஐந்தில் அவர் மூச்சு விட்டார். சமையலறையில் மனைவி குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"ஆறு."

கத்தியின் விளிம்பை ஒட்டி நுரையில் சின்னதாக ஒரு நெளிவு தோன்றியது. அவன் மூச்சால் வந்ததாக இருக்கலாம் என்று நினைத்தார். அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். கத்தியை எடுக்க ஒரு நொடி போதும். எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். அவர் எடுக்கவில்லை. முதல் நெளிவு அடங்குமுன் இரண்டாவது வந்தது, பிறகு அதே இடைவெளியில் இன்னொன்று. நுரை விரிசல் விட்டு, அதன் நடுவே தோல் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"ஏழு," என்றான் அவன். அது கொஞ்சம் தாமதமாக வந்தது. அவன் கண் திறந்திருந்தது.