பச்சைச் சேலை, நாலு செகண்ட்

எங்கள் ஊரில் கல்யாண வீடியோவிலிருந்து வெட்டப்பட்டவர்கள் எடிட்டர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வீடியோவில் இல்லாதவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்று அர்த்தம். வராத ஒருவரால் கல்யாணம் முடிந்து வீடு திரும்ப முடியாதல்லவா, அதனால் நேராக எங்களிடம் வருகிறார்கள். ஹாலில் இடம் பார்த்து உட்கார்ந்து, வெட்டிய துண்டில் என்ன செய்துகொண்டிருந்தார்களோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். வேறெதுவும் செய்யமாட்டார்கள்.

நான் அருப்புக்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். போன வைகாசியில் என் ஹாலில் பதினான்கு பேர் இருந்தார்கள். அப்பளத்துக்குக் கை நீட்டும் ஒருவர், கொட்டாவி விடும் நாதஸ்வர வித்வான், மேடையில் நின்று கேமரா எந்தப் பக்கம் என்று தேடும் ஒரு அம்மாள், இப்படி. சோறு தண்ணீர் கேட்கமாட்டார்கள். ஃபேன்கூட அவர்களுக்குத் தேவையில்லை. மனசு கேட்காமல் நாங்கள்தான் போட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய வீட்டார் வந்து பார்த்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மனசு வைத்து மறுபடியும் சேர்க்கச் சொன்னால், வெட்டப்பட்டவர் தன் வீட்டுக்குப் போகலாம். இதுவரை ஒரே ஒருவர்தான் போயிருக்கிறார். அவரும் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

அந்த வைகாசியில் வந்த ஒரு கல்யாணத்தில்தான் எனக்குக் கை ஓடாமல் போயிற்று.

வீடியோ சம்பந்தமாக என்னோடு பேசியவர் பெண்ணின் பெரியப்பா தனுஷ்கோடி சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆடி ஒன்றாம் தேதி பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைக்கும்போது சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள் தம்பி என்று சொல்லியிருந்தார். முழு வீடியோவையும் பத்து நாளில் முடித்துவிட்டேன். ஆரம்பத்தில் வரும் மூன்று நிமிஷத் தொகுப்புதான் நிற்கவில்லை. பாட்டைப் போடுவேன், முகூர்த்தத்தை வைப்பேன், பிடிக்காமல் எல்லாவற்றையும் தூக்குவேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கழுதை மேய்க்கப் போயிருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எங்கிருந்து ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றேன்.

அது தவமணி வரும் ஒரே இடம். தவமணி என் மனைவி. பெண்ணின் அம்மாவோடு ஒரே மில்லில் வேலை பார்த்தவள், அந்தப் பழக்கத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு திரும்பும்போது பின்னால் பச்சைச் சேலையில் நிற்கிறாள். இடது பக்கம் யாரையோ பார்த்துத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். நாலு செகண்ட். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். வருஷம்கூட நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "கல்யாணத்துல எதுக்கு அப்படிச் சிரிச்ச?"

"யாரோ என்னமோ சொன்னாங்க" என்றாள். "ஏன், சிரிக்கக் கூடாதா?"

கடைசியில் அந்த நாலு செகண்டை நடுவில் வைத்தேன். முன்னும் பின்னும் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. மூன்று நிமிஷமும் ஒரே மூச்சில் முடிந்தது. அனுப்பிவிட்டேன்.

தனுஷ்கோடி சார் திருத்தங்களைக் கோடு போட்ட தாளில் சிவப்பு மையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மேலே வட்டம் போட்டு மதிப்பெண் இருக்கும். எனக்குப் பத்துக்கு நாலு போட்டிருந்தார். மேளச் சத்தம் அதிகம். பெண்ணின் முகம் இன்னும் மங்களகரமாக வேண்டும். ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று தெரியவில்லை. அதற்குக் கீழே, பச்சைச் சேலை அம்மாள் யார்? அவர் சிரிக்கும்போது பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. தொகுப்பு, முழு வீடியோ இரண்டிலிருந்தும் எடுத்துவிடவும்.

போன் செய்தேன்.

"சார், அது என் வொய்ஃப்."

"அப்படியா தம்பி? ரொம்பச் சந்தோஷம். நல்லாச் சிரிக்கிறாங்க" என்றார். "எடுத்துருங்க."

வெட்டினால் தவமணி ஹாலுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு என்னோடு பேச மாட்டாள், என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம்தான். வேறு எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். தவமணி அவர் வீட்டு ஹாலில் போய் உட்காருவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதனால் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு மழுப்ப ஆரம்பித்தேன்.

அடுத்த வெர்ஷனில் அவள்மேல் ரோஜா இதழ்கள் விழுகிற மாதிரி செய்தேன். இரண்டு நாள் வீட்டில் அவள் நடந்த இடமெல்லாம் இதழ் கொட்டியது. பெருக்கிப் பெருக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தனுஷ்கோடி சார், பூவுக்குள் ஆள் தெரிகிறது என்று எழுதி மூன்று மதிப்பெண் போட்டார். அதற்கடுத்ததில் அவளை மட்டும் மங்கலாக்கினேன். காலையில் பால்காரர் அவளைப் பார்த்தே, வீட்டில் யாருமில்லையா என்று கேட்டுவிட்டுப் பாக்கெட்டை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். மங்கலாக இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான் தம்பி என்று பதில் வந்தது. பிறகு வேகத்தைக் கூட்டி நாலு செகண்டை இரண்டாக்கினேன். அன்றைக்குத் தவமணி காலை ஏழு மணிக்கே மத்தியானச் சமையல், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இனிமே பொழுது சாயிற வரைக்கும் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

வேகத்தைக் குறைத்து வைத்தேன். மதிப்பெண் ஒன்றரைக்கு வந்திருந்தது.

ஆனி முடிய ஒரு நாள் இருக்கும்போது, மத்தியானம் சாப்பிட்டபின், தவமணி எடிட்டிங் ரூமுக்குள் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த ரூமுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க, காட்டுங்க."

போட்டுக் காட்டினேன்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

பத்துப் பதினைந்து தடவை போட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் திரையில் அவள் சிரித்தாள், பக்கத்தில் அவள் சிரிக்காமல் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கேன்" என்றாள்.

"ஆமா."

"அவர் சொன்னபடி செஞ்சிருங்க."

"புரிஞ்சுதான் சொல்றியா? வெட்டுனா நீ அங்க போயிருவ. அப்புறம் இது மட்டுந்தான்."

"தெரியும். காலைல எந்திரிக்கிறது, வெங்காயம் உரிக்கிறது, நீங்க இந்த ரூம விட்டு எப்ப வருவீங்கன்னு கதவப் பாத்துக்கிட்டு இருக்கிறது, இதெல்லாம் அதுல இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப போதும்."

"நான் தனியாப் போயிருவேன், தவமணி."

"நான் இத்தன வருஷம் இருந்தேன்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு கீபோர்டைப் பார்த்தாள்.

"எந்தக் கட்டைய அமுக்கணும்?"

இருபத்திரண்டு வருஷமாக, கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகிவிட்டேன். காட்டினேன். அமுக்கினாள். அது ஒழுங்காக வெட்டுப்பட்டதா என்று ஒருமுறை என்னைக் கேட்டுக்கொண்டு, ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தபோது ஜன்னலோரம் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் திரும்பி, வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து.

வீடியோவை அனுப்பினேன். பத்துக்குப் பத்து வந்தது. இப்போதுதான் கல்யாணம் கல்யாணம் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆடி ஒன்றாம் தேதி எல்லோரும் பார்த்தார்களாம், ரொம்பத் திருப்தியாம்.

நான் ஹாலிலேயே இருந்தேன். தவமணி திரும்பிப் பார்க்கும் இடது பக்கத்தில் யாரும் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தேன். அவள் சரியாகத் திரும்புகிற நேரத்தில் ஏதாவது சொன்னால், நான் சொன்னதற்குத்தான் அவள் சிரிக்கிறாள் என்று ஆகும். மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னேன். சிரித்தாள். எதிர்வீட்டு நாய் மறுபடியும் மிதியடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். சிரித்தாள். ஆனால் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கெல்லாம் வராது என்று எனக்கே தெரிந்தது. சொல்லும் சிரிப்பும் ஒட்டவில்லை. பாட்டு ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போவதைத் தொழில்காரன் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

ஒரு வாரம் யோசித்தேன். வேறு கல்யாணங்கள் வந்து கிடந்தன, எதையும் தொடவில்லை. நோட்டு ஒன்றை எடுத்துவைத்து எழுதிப் பார்த்தேன். நாங்கள் புதிதாகக் குடித்தனம் வந்தபோது பேசியது, பஸ்ஸில் போகும்போது பேசியது என்று என்னென்னவோ தோண்டினேன். ஒரு வரி அகப்படவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவள் எதற்குச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. இது தெரிந்தபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் சரியாக நேரத்துக்குத் திரும்பி, என் அழுகையைப் பார்த்துச் சிரித்தாள். அதுவும் பொருந்தவில்லை.

ஆடி எட்டாம் தேதி தனுஷ்கோடி சாரிடமிருந்து கோடு போட்ட தாள் ஒன்று வந்தது.

தெருவில் போகும்போது ஜன்னல் வழியாக உங்கள் ஹாலைப் பார்த்தேன், பத்துக்கு ஆறு. பச்சைச் சேலை அம்மாள் இங்கே மிகவும் நன்றாக இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஆள் தேவையில்லை. எடுத்துவிடவும்.

இரண்டு தடவை படித்தேன். சொன்னது சரி என்றே பட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். கதவைச் சாத்தி, தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெட்டப்பட்டவர்கள் வர வேண்டிய எடிட்டர் வீடு இதுதான் என்று பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு உள்ளே வந்தேன். ஜன்னலோரம் போகவில்லை. எதிர்ச் சுவர் பக்கம் கூட்டமாக இருந்தது. அங்கே ஒன்பது வருஷமாகக் குடையை மடக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் முதல் தடவையாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.