பந்து கீழே வரவில்லை

ஃபுவாத்தினோவுக்கு அவள் புருவம்தான் எதிரி. வகுப்பில் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், எல்லாருடைய புருவத்தோடும் அவளுடையதும் ஆமாம் என்று மேலே ஏறிவிடும். பெரியவர்கள் முகத்துக்கு நேராகப் புரியவில்லை என்று சொல்ல எந்த சமோவாப் பிள்ளைக்கு நாக்கு வரும்? அப்படி ஏற்றி ஏற்றியே இயற்பியலில் கோட்டை விட்டாள். வெள்ளிக்கிழமைத் தேர்விலும் தவறினால் அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். கப்பல் இன்ஜினியர் கனவுக்கு அத்தோடு முழுக்கு.

தனியாகச் சொல்லிக்கொடுக்க லெயுத்தே வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழக மாணவி. இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள், ஆனால் பாதிரியாரின் மகள் ஆயிற்றே! அவளுக்கு நாற்காலி போட்டார்கள். ஃபுவாத்தினோ கீழே பாயில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் புருவத்தை ஏற்றினாள்.

லெயுத்தே ஏமாறவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளும் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"புருவமெல்லாம் கணக்குல சேராது. வாயத் திறந்து எனக்குச் சொல்லிக்கொடு."

"உங்களுக்கு நானாக்கா?"

"பின்ன, அந்தப் பூனையா வந்து சொல்லும்?"

சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் எங்கே தடுக்குகிறது என்று அவளுக்கே தெரிந்தது. மேலே போவது கூட்டல் என்றால், கீழே இழுக்கும் புவியீர்ப்பு கழித்தல். இத்தனை நாளும் அந்தக் கழித்தலைத்தான் விட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய வகுப்பில் இவள் ஒருத்தியின் ஓட்டையை யார் பார்ப்பார்கள்? வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் பிடிவாதமாக வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை, மேலே எறிந்த பந்தின் கணக்கொன்றை லெயுத்தே மடமடவென்று போட்டு முடித்தாள். "சரிதான?"

புருவம் பாதி ஏறியது. ஃபுவாத்தினோ அதை அப்படியே நிறுத்தினாள். கழித்தல் குறியைக் காணோம். அடுப்படியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் வீட்டுப் பிள்ளையிடம் தப்பு என்பதா? இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் நாளைக்கும் மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"இல்லக்கா. தப்பு."

"என்னடி பேச்சு இது?" என்றாள் அம்மா.

"இருங்கம்மா," என்று லெயுத்தே தடுத்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "எங்க தப்பு?"

"உங்க கணக்குப்படி பந்து மேலயே போயிட்டிருக்கு. கீழ வரவே வராது."

லெயுத்தே தாளைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது. பேனாவை அவளிடம் நீட்டினாள்.

"அப்ப நீயே இறக்கு."

ஃபுவாத்தினோ வாங்கினாள். அம்மா பார்க்கப் பார்க்கவே, பாதிரியார் மகளின் எழுத்தை அடித்துவிட்டுப் பந்தைத் தரையில் கொண்டுவந்து சேர்த்தாள்.