அன்றைய அரவை

பன்றிப் பண்ணையின் பின்கொட்டகையில் விடிந்ததிலிருந்து அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அறுப்புக்கூடத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிய குடலையும் நுரையீரலையும் ரத்தக்கட்டியையும் அரவைக்காரன் அள்ளி அள்ளி அதன் வாய்க்குள் தள்ளினான். கீழே கூழாக விழுந்ததை அவன் மனைவி நீல டிரம்மில் வாங்கினாள். அவளுக்கு அங்கே டிரம்காரி என்றுதான் பேர். கூழில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊற்றி, முன்பே புளித்த டிரம்மிலிருந்து ஒரு வாளி எடுத்து உறை ஊற்றி, துடுப்பால் கலக்கிக் காற்றுப் புகாமல் மூடுவது அவள் வேலை. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் நாற்றம் போய்ப் புளிவாசம் வந்திருக்கும். தவிட்டோடு பிசைந்து வைத்தால் வளர்கிற பன்றிகள் தொட்டியையே நக்கித் துடைத்துவிடும். தீவனத்துக்கு மீன்தூள் வாங்குகிற செலவு முதலாளிக்கு அதோடு நின்றது.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைகள் தானாகக் காலியாகும். "நமக்கு மட்டும் எப்பவும் சீட்டு உண்டு" என்று அவன் சிரிப்பான்.

இயந்திரத்தின் வாய்க்கு ஒரு கம்பி மூடி இருந்தது. குடல் அதில் சிக்கிக்கொண்டு வேலை இழுக்கிறது என்று மேஸ்திரி அதைக் கழற்றி வைத்திருந்தார். நாளைக்கு மாட்டிவிடலாம் என்றவர்தான். அந்த நாளை வரவேயில்லை.

அன்று ஒரு நீளக் குடல் அவன் மணிக்கட்டில் சுற்றி இழுத்தது. அவன் கத்தவில்லை. இயந்திரத்தின் சத்தம் திக்கியதைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. அவள் ஓடிப்போய் சுவிட்சை அடித்தாள்.

மேஸ்திரி துண்டால் கையைச் சுற்றி, கழிவு ஏற்றி வந்த வண்டியிலேயே அவனை ஏற்றினார். அவளும் ஏறப்போனாள்.

"நீயும் வந்துட்டா இந்த டிரம்மை யாரும்மா மூடுறது? அத்தனையும் அழுகிடும். மூடிட்டுப் பின்னாடியே வந்துடு."

அவள் திரும்பினாள். புத்தி நின்றுபோயிருந்தாலும் கை பழகிய வேலையைச் செய்தது. பாகை ஊற்றினாள், உறை ஊற்றினாள், கலக்கினாள், மூடியைப் போட்டு வளையத்தை முறுக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் தான் எதைக் கலக்கினோம் என்பது அவளுக்கு உறைத்தது. துடுப்பு பிடித்த இரு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எங்க இருக்கு?"

"மூடி வச்சிருக்கேன்."

"பன்னிக்கு வச்சிடுவாங்களா?"



மறுநாள் அந்த டிரம்மைக் கொட்டிவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டாள். அவருக்கும் முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. தன் கையில் எதுவும் இல்லை என்று முதலாளியைக் கூட்டிவந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் ஏற்றிருந்தார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கேக்கவே மனசு பதறுதும்மா. ஆனா நாலு விரலுக்காக ஒரு டிரம் தீவனத்தைக் கீழ ஊத்தச் சொல்றியே?"

"கீழ ஊத்த வேணாங்க. என்கிட்ட குடுத்துடுங்க."

அவர் யோசித்தார். பிறகு, விலை போட்டு எடுத்துக்கொள்ளட்டும், அவனுக்குக் கொடுக்கிற உதவிப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் வீடு திரும்பியதும் டிரம்மும் வந்து இறங்கியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டல் நிலத்தில் அவள் குழி தோண்டினாள். நாய் கிளறக்கூடாது என்று இடுப்பளவுக்கு இறக்கினாள். குழியின் நீளத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, யார் தவறிப்போனது என்று பதறி விசாரித்தாள். டிரம்காரி மண்வெட்டியை ஊன்றி நின்றாள். பிறகு குனிந்து மறுபடி தோண்டினாள்.

மூடியைத் திறந்தபோது புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பதம் சரியாக வருகிறது என்று அவள் மூக்கு தானாகச் சொன்னது. இருவருமாக டிரம்மைச் சாய்த்தார்கள். அவன் தோளால் முட்டுக்கொடுத்தான். பிறகு கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் மண்ணைத் தள்ளினான். அவன் தள்ளும் வரைக்கும் காத்திருந்து, மீதியை அவள் மூடினாள்.

காலையில் மேஸ்திரி வண்டியோடு வந்தார். விலை போட்டது தீவனத்துக்கு மட்டும்தான், டிரம்முக்கு இல்லை என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். இன்றைக்குச் சரக்கு இறங்கிவிட்டது, கொட்டகையில் டிரம் பத்தவில்லை.

அவள் சோப்புத்தூள் போட்டு உள்ளே கைவிட்டுத் தேய்த்தாள். இரண்டு முறை அலசிக் கவிழ்த்தாள். மேஸ்திரி அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். அங்கே உட்கார்ந்திருந்த புது அரவைக்காரன் நகர்ந்து இடம் விட்டான். வண்டி குலுங்கிக் கிளம்பியது. டிரம் சரிந்துவிடாமல் இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.