ஈட்டிப் பக்கம், கேடயப் பக்கம்

திங்கட்கிழமை காலையில் எங்கள் விளையாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதில் குதிரையருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் நால்வரும் அஸ்தம்பட்டியில் தனப்பிரியாவின் பல் மருத்துவமனையில் கூடியிருந்தோம். ஞாயிறன்று நோயாளிகள் வரமாட்டார்கள். காத்திருப்பு அறையின் நீள மேசை முழுவதும் எங்களுக்குத்தான்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் பலகையும் காய்களும் முக்கியமில்லை. ஒருவர் ஓர் உலகத்தை விவரிப்பார். எங்கள் கூட்டத்தில் அது நான், குமரகுரு. மற்ற ஒவ்வொருவரும் அந்த உலகத்தில் ஓர் ஆளாக இருப்பார்கள். “முன்னால் ஒரு ஆறு ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நான் கேட்பேன். “நீந்துகிறேன்” என்று ஒருவர் சொல்வார். நீந்த முடியுமா என்பதில் சந்தேகம் வந்தால் விதியைப் பார்ப்போம், பகடையை உருட்டுவோம். அந்த விதிகளை மூன்று வருடமாக எழுதி, திருத்தி, புத்தகமாக்கியிருந்தேன்.

ஒவ்வோர் ஆளும் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். மனிதர், குள்ளர், காட்டு மாந்தர் ஆகியோரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குதிரையர்தான் என்னைப் படுத்தி எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே மனிதர், கீழே நான்கு கால் குதிரை. வெட்டவெளியில் எல்லாரையும்விட வேகமாக ஓடுவார்கள், நாலு பேர் சுமையைத் தூக்குவார்கள், உதையிலேயே சண்டையை முடித்துவிடுவார்கள். அப்போது மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. குகைக்குள் போனாலோ ஏணி ஏற முடியாது, திரும்ப முடியாது, எல்லாரும் அவர்களுக்காக நிற்க வேண்டும். வெளியே அளவுக்கு மீறிய பலம், உள்ளே வெறும் பாரம். இதை எந்த விதியால் சமன் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்களில் குதிரையராக விளையாடியவள் கோகிலவாணி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறாள். அவளுடைய ஆளின் பெயர் சூறை. ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து சூறையாக இருந்துவிட்டுப் போகிறாள்.

“வேற இனம் எடுத்துக்க வாணி. குள்ளரா வா, நல்லாருக்கும்” என்றான் இளவழகன். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை மேலாளர். விளையாட்டில் அவன் நரியன் என்ற திருடன்.

“குதிர இல்லீன்னா எனக்கு ஞாயித்துக்கெழம பஸ்ஸும் இல்லீங்க” என்றாள் வாணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் இதுதான்: இன்றைய சுரங்கத்திலிருந்து சூறை உயிரோடு வெளியே வந்தால் குதிரையர் புத்தகத்தில் இருப்பார்கள். வராவிட்டால் அவர்களைப் பற்றிய ஆறு பக்கமும் போய்விடும். வாணியும் ஒத்துக்கொண்டாள்.

சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு சிக்கலும் இல்லை. மூன்று வளைவுகளைத் தாண்டி, தேடி வந்த வெண்கல மணியை எடுத்துவிட்டார்கள். அப்போது முன்னால் கூரை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. நான் முந்தைய வாரமே எழுதி வைத்த நிகழ்ச்சிதான். வேண்டுமென்றே வைத்த பொறி என்று இளவழகன் இன்றுவரை சொல்கிறான்.

“வந்த வழியிலேயே திரும்பணும்” என்றேன். “சுரங்கத்தின் அகலம் ஐந்தடி. சூறையின் நீளம் எட்டடி, அகலம் இரண்டரை அடி. அப்படி ஓர் உடம்பு நின்ற இடத்தில் திரும்ப வேண்டுமானால் ஏறக்குறைய எட்டரை அடி இடம் வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் அவ்வளவு வருகிறது.”

“கணக்கு சரிதானுங்கண்ணா” என்றாள் வாணி.

“அவ்ளோதான், முடிஞ்சுது கத” என்றான் இளவழகன்.

“திரும்ப எடமில்லீன்னா திரும்ப வேண்டாமுங்க. ரிவர்ஸ்லயே வாரேன்.”

“ரிவர்ஸா! நீ என்ன டிப்பர் லாரியா? பின்னாடி ஹாரன் அடிக்குமா?”

“குதிர பின்னால நடக்குமுங்க. நடந்து பழக்கோணும், அவ்வளவுதான்.”

உண்மைதான், பழக்கினால் குதிரை பின்னோக்கி நடக்கும். ஆனால் வளைவில்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாணி குப்பைக்கூடையிலிருந்து பற்பசைப் பெட்டி ஒன்றை எடுத்துவிட்டாள். சுரங்கத்தின் வரைபடம் ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் போட்டது. அதே கணக்கில் எட்டுக்கு இரண்டரை என்று ஓர் அட்டையை வெட்டி, வளைவில் வைத்துத் தள்ளிக் காட்டினாள். முனை சுவரை உரசுவதுபோல் வந்து, உரசாமல் கடந்தது.

ஐந்தடி வழியில் அட்டையால் திரும்பி நிற்க முடியாது. ஆனால் வளைந்து போக முடியும். முன்னோக்கி வளைந்து வந்த வழியில் பின்னோக்கியும் வளைந்து போகலாம். தடம் ஒன்றேதான். மூன்று வருடம் விதி எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை.

“ஆனா சூறைக்கு முதுகுப் பக்கம் தெரியாதே அண்ணே” என்றாள் தனப்பிரியா. “மனுஷ முகம் முன்னாடி இருக்கு. பின்னங்கால் ஆறடி தள்ளி, இருட்டுல இருக்கு.”

“அதுக்குத்தான் லாரிய ரிவர்ஸ் எடுக்கையில வழி சொல்ற கிளீனர் மாதிரி ஒருத்தர் வேணும்” என்று வாணி இளவழகனைப் பார்த்தாள். “தீப்பந்தம் நரியன் கையிலதானே இருக்குது? வாசல் பக்கமா முன்னால போயி வழி சொல்லுங்க.”

இதற்குப் பகடை பொருந்தாது என்று எனக்குப் பட்டது. வழி சொல்வதும் கேட்பதும்தான் இங்கே திறமை. அதையே செய்து பார்க்கட்டும். உடனே ஒரு விதி செய்தேன். வாணி கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். சுரங்கத்தின் வாசல் அவள் பக்கம் இருக்கும்படி வரைபடத்தைத் திருப்பி வைத்தேன். அட்டையின் முகம் அவளுக்கு அப்பால் பார்க்கும்; அவள் அதைத் தன்னை நோக்கிப் பின்னால் இழுத்து வர வேண்டும். இளவழகன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துச் செல்லும் நரியனைப்போல் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். சுவரில் மூன்று முறை இடித்தால் கூரை மொத்தமாக விழும்.

வாணி துப்பட்டாவால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள்.

“வா… வா… நேரா வா…” இளவழகன் சோம்பலாக ஆரம்பித்தான். “இப்ப லெஃப்ட்டு.”

அட்டை இடப்பக்கம் போய்ச் சுவரில் இடித்தது.

“ஒண்ணு” என்றேன்.

“லெஃப்ட்டுன்னு சொன்னேனே!”

“லெஃப்ட்டுதானுங்க வந்தேன்!”

“என் லெஃப்ட்டும்மா!”

எதிரும் புதிருமாக இருந்தார்கள். அவனுக்கு இடது, அவளுக்கு வலது. சுரங்கத்திலும் அப்படித்தான்: நரியன் வாசலைப் பார்த்து நடக்கிறான், சூறை உள்ளே பார்த்து நிற்கிறாள். இனி அவளுடைய இடதைச் சொல்வதாக இளவழகன் ஒப்புக்கொண்டான். முதல் வளைவை ஒருவழியாகக் கடந்தார்கள். இரண்டாவதில் அவசரப்பட்டு மறுபடி தன் இடதைச் சொல்லிவிட்டான்.

“ரெண்டு.”

வாணியின் விரல்கள் அட்டைமேல் அப்படியே நின்றன. இன்னும் ஒரு முறை இடித்தால் ஆறு பக்கமும் போய்விடும்.

ஆச்சரியம் என்னவென்றால், முதலில் பதறியவன் இளவழகன்தான். “இரு இரு, அசையாத! யோவ் குமரகுரு, இது நியாயமில்ல, நாக்கு தானா மாறுது!”

“அதனாலதானுங்க எங்க பட்டறைல லெஃப்ட்டு ரைட்டுன்னே சொல்லமாட்டாங்க” என்றாள் வாணி, கண்கட்டோடு. “டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான். நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் லாரிக்கு டிரைவர் சைடு மாறாதுங்களே.”

“இங்க ஏது டிரைவர்?”

வாணி ஒரு நொடி யோசித்தாள். “சூறை வலது கையில ஈட்டி, இடது கையில கேடயம். ஈட்டிப் பக்கம், கேடயப் பக்கம்னு சொல்லுங்க.”

நான் அட்டையின் ஒரு ஓரத்தில் பேனாவால் ஈட்டியும் மறு ஓரத்தில் கேடயமும் வரைந்தேன். அவள் சொன்னது அவ்வளவு எளிமையானது. இடமும் வலமும் பார்ப்பவரைப் பொறுத்தவை. ஈட்டியும் கேடயமும் உடம்போடு ஒட்டியவை. சொல்பவர் தலைகீழாகத் தொங்கினாலும் பிசகாது.

இளவழகன் எழுந்து நின்றுவிட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

“வா… வா வா… ஈட்டிப் பக்கம் கொஞ்சம்… போதும், நேர் பண்ணு… வரட்டும் வரட்டும்… ஹோல்டான்!”

“நின்னுட்டனுங்க.”

“கேடயப் பக்கம் ஒடிச்சுத் திருப்பு. இன்னும் ஒடி. நூல் அளவு கேப்பு இருக்கு, பயப்படாத, நான் பாத்துக்கறேன்… வா சாமி, வா…”

சாமி! வாணி ஊர்ப் பக்கம் செல்லமாகக் கூப்பிடும் அந்தச் சொல் ஆத்தூர்க்காரன் வாயில் வந்ததைக் கேட்டு தனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் வளைவு கழிந்தது. மூன்றாவதில் அட்டையின் முனை மைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி வந்தது. நான் குனிந்து, மூக்கு காகிதத்தில் படும்படி பார்த்தேன். இடிக்கவில்லை.

“வெளிய வந்தாச்சு!” என்று இளவழகன் மேசையைத் தட்டினான். வாணி கட்டை அவிழ்த்துவிட்டு, மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தாள். அவளுடைய கண்ணைப் பார்த்து தனப்பிரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நான் அப்போதே பேனாவைத் திறந்தேன். குதிரையரின் பலத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்று இப்போது தெரிந்தது. வெட்டவெளியில் அவர்கள் மற்றவர்களைச் சுமக்கட்டும். குறுகிய இடத்தில் மற்றவர்கள் அவர்களுக்குக் கண்ணாகட்டும். ‘குறுகிய வழியில் குதிரையர் பின்னோக்கி நடக்கலாம். துணையாள் ஒருவர் வழி சொல்ல வேண்டும்’ என்று எழுதி உரக்கப் படித்தேன்.

“வழி சொல்றவனுக்கு எத்தன பாயின்ட்டு?” என்றான் இளவழகன்.

“உனக்கா? காலைல குதிரையே வேண்டாம்னியே.”

“அது காலைல. இடிக்காம கொண்டாந்தது யாரு?”

“பாதிக்குப் பாதி குடுத்துருங்கண்ணா” என்றாள் வாணி. “ஆனா இடிச்சா முழுசும் கிளீனர் மேலதான்.”

“அதெப்படி?”

“அப்பிடித்தானுங்க. எங்கூருல வந்து யாரை வேணாக் கேளுங்க.”

அந்த வரியையும் சேர்த்து எழுதினேன். ஆறு பக்கம் ஏழானது.